மோட்டார் பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ் போதும்?

ஒருமுறை, ‘கிரீஸ் இல்லாமல் பேரிங் போய்விட்டது’ என்று சீட்டு ஒட்டிய மோட்டார் ஒன்று பிரிப்பதற்கு வந்தது. விசிறிப் பக்கத்து மூடியைக் கழற்றியதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கிரீஸ் இல்லாத இடமே இல்லை. வைண்டிங்கின் (செம்புக் கம்பிச் சுருளின்) ஓரங்களில் பழுப்பாக அப்பிக் கிடந்தது, சுழலும் உள்பாகமான ரோட்டாரின் முனையில் தெறித்துக் காய்ந்திருந்தது, அதன் மேல் தூசி படிந்து பஞ்சு மெத்தை மாதிரி ஆகியிருந்தது. ஆனால் மோட்டாரின் நடு அச்சான ஷாஃப்டைத் தாங்கும் குண்டு வளையமான பேரிங்கைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றினால் மணல் போட்டதுபோலக் கரகரவென்றது. குண்டுகளுக்கு நடுவே ஒட்டியிருந்த கறுப்புச் சரக்கை நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

சீட்டு எழுதியவர் பொய் சொல்லவில்லை. மோட்டார் முழுக்கக் கிரீஸ் இருந்தும், வேண்டிய இடத்தில் மசகு இல்லாமல்தான் அந்தப் பேரிங் செத்திருந்தது. இது எப்படி நடக்கும் என்று புரிந்துகொண்டால், கிரீஸ் அடிப்பதில் உள்ள மற்ற விதிகளெல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

முதல் விஷயம், பேரிங்குக்கு மசகு கொடுப்பது கிரீஸில் உள்ள எண்ணெய். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு வலை, பெரும்பாலும் சோப்பு வகையால் ஆனது. எடையில் 70 முதல் 95 சதவீதம் வரை எண்ணெய்தான். மீதியில் பெரும்பகுதி அதைக் கெட்டியாக்கும் பொருள், கொஞ்சம் துருத்தடுப்பு, ஆக்சிஜனேற்றத் தடுப்பு போன்ற சேர்மானங்கள். கெட்டிப்பொருளை நுண்ணோக்கியில் பார்த்தால் சிக்கலான நூல் பந்துபோல இருக்கும். அந்த நூல்களுக்கு இடையில் எண்ணெய் தங்கியிருக்கிறது. சூடும் அசைவும் படும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, குண்டு உருளும் பாதைக்கு வருகிறது. ஈரமான ஸ்பாஞ்சைப் பேரிங்குக்குப் பக்கத்தில் வைத்தது மாதிரிதான். ஸ்பாஞ்சு அப்படியே இருந்து எண்ணெய் மட்டும் தீர்ந்துவிட்டால், பார்ப்பதற்குக் கிரீஸ் இருக்கும், ஆனால் வேலை நடக்காது. நாங்கள் சுரண்டிய கறுப்புப் பொடி அந்தக் காய்ந்த ஸ்பாஞ்சுதான்.

அந்த எண்ணெய் என்னதான் செய்கிறது? இதற்கு 1883-இல் நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சுகளுக்கான பேரிங்குகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழல ஆரம்பித்ததும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக வெளியே பொங்கியது. துளையில் அடைத்த தக்கையும் மரச்செருகியும்கூட மெதுவாக மேலே தள்ளப்பட்டு வெளியே வந்துவிட்டன. சுழலும் அச்சு எண்ணெயை இழுத்துக்கொண்டு போய் ஆப்பு போன்ற குறுகிய இடைவெளிக்குள் திணிக்கிறது, அந்த அழுத்தத்தில்தான் முழுப் பாரமும் மிதக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். இன்றுவரை மசகியல் கணக்குகளுக்கு அந்தச் சமன்பாடுதான் அடிப்படை.

டவர் சோதித்தது குண்டுகள் இல்லாத வழுக்குப் பேரிங். நம் மோட்டார்களில் இருக்கும், குண்டுகள் உள்ள பால் பேரிங்கில் இதே கதை இன்னும் நெருக்கமாக நடக்கிறது. குண்டு பாதையைத் தொடும் இடம் மிகச் சிறியது. அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல 10,000 மடங்குக்கு மேலும் போகும். அந்த அழுத்தத்தில் எண்ணெயே ஒரு நொடிப்பொழுது கிட்டத்தட்டத் திடப்பொருள்போல இறுகுகிறது, எஃகு லேசாக வளைந்து கொடுக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. தலைமுடி சுமார் 70 மைக்ரான். கிரீஸ் உள்ளே போகும் வாயான நிப்பிளைத் துடைக்காமல், கிரீஸ் அடிக்கும் கருவியான கன்னை மாட்டும்போது கூடவே உள்ளே போகும் 5 மைக்ரான் தூசி, அந்தப் படலத்துக்கு முன்னால் பாறாங்கல். ஒரு துணியை எடுத்து நிப்பிளைத் துடைக்க ஐந்து விநாடி ஆகும். பேரிங் பராமரிப்பில் இதைவிட மலிவான நல்ல காரியம் வேறு கிடையாது. அதைத்தான் நாம் செய்வதும் கிடையாது.

படலம் நிற்க, எண்ணெய்க்குப் போதிய பாகுத்தன்மை வேண்டும். பாகுத்தன்மை எவ்வளவு தேவை என்பது பேரிங்கின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது. 6309 என்ற பேரிங்கை எடுத்துக்கொள்வோம். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும், 45 மி.மீ. வெளிவிட்டம் 100, அகலம் 25. இது 1500 ஆர்பிஎம்மில் ஓடும்போது, ஓடுகிற வெப்பநிலையில் எண்ணெய்க்குக் குறைந்தது சுமார் 14 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) இருக்க வேண்டும். மோட்டார் கிரீஸ்களில் பொதுவாக இருப்பது 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக் அளவிலான எண்ணெய். பேரிங் 70 டிகிரியில் ஓடினால் அது 30-க்குப் பக்கமாகக் குறையும், அதாவது தேவையைப்போல இரு மடங்கு. சௌகரியமான நிலை. அதே பேரிங் 100 டிகிரிக்குப் போனால் எண்ணெய் 11-ஆகிவிடும். படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தைத் தொட ஆரம்பிக்கிறது. சூடு ஏன் இவ்வளவு பெரிய எதிரி என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அப்படியானால் இன்னும் தடிமனான எண்ணெய் உள்ள கிரீஸைப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். மெதுவாகச் சுழலும், பெரும் பாரம் தாங்கும் இடங்களுக்கு அது சரி. வேகமாக ஓடும் மோட்டாரில் அந்தத் தடிமனே இழுவையாகிச் சூட்டைக் கிளப்பும். லாரி அச்சுக்கும் புல்டோசரின் மூட்டுகளில் செருகிய பின்னுக்கும் வாங்கி வைத்த கிரீஸை மோட்டாருக்கு அடிப்பது இதனால்தான் தப்பு. அவற்றில் பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்பைடு போன்ற திடப்பொருளும் கலந்திருக்கும். அது தேய்ந்து ஆடும் பின்களுக்கு உதவும், வேகமாக உருளும் குண்டுகளுக்குத் தேவையில்லை.

டப்பாவில் என்.எல்.ஜி.ஐ 2 என்றோ 3 என்றோ எழுதியிருக்கும். அது கிரீஸின் கெட்டித்தன்மையை மட்டும் சொல்லும் எண். ஒரு கூம்பை கிரீஸில் விட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 25 டிகிரியில் 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்கினால் அது 2-ஆம் எண். மோட்டார்களில் பெரும்பாலும் இதுதான், செங்குத்தாக நிற்கும் மோட்டார்களுக்குச் சில சமயம் 3. உள்ளே உள்ள எண்ணெயின் பாகுத்தன்மைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. நிறத்துக்கும் எதற்கும் சம்பந்தமில்லை. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் சாயம். “எங்களிடம் எப்போதும் நீலம்தான்” என்று சொல்பவரிடம் டப்பாவைக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது.

நிறத்தைப் பார்க்காமல், கெட்டிப்பொருள் எது என்று பார்க்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. மோட்டாருக்கான கிரீஸ்களில் பாலியூரியா வகை அதிகம், லித்தியம் காம்ப்ளெக்ஸும் உண்டு. இரண்டும் தனித்தனியே நல்லவை. கலந்தால் பல நேரம் ஒத்துப்போவதில்லை. வலை உடைந்து தண்ணீராக ஒழுகிவிடலாம், சில சமயம் நேர்மாறாக இறுகிப்போகலாம். புது மோட்டாரில் தொழிற்சாலை என்ன போட்டு அனுப்பியது என்று பெயர்ப்பலகையிலோ கையேட்டிலோ இருக்கும். வகையை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பேரிங்கைத் திறந்து, பழையதைக் கழுவிவிட்டுப் போடுவதே நிம்மதி.

இப்போது அளவுக்கு வருவோம். பல மோட்டார்கள் கெடுவது இந்த இடத்தில்தான். கிரீஸ் அடிப்பதை நாம் பெட்ரோல் போடுவதுபோல நினைக்கிறோம், டேங்க் நிறைந்தால் சந்தோஷம். பேரிங்கில் காலி இடம் இருந்தாக வேண்டும். ஓட ஆரம்பித்ததும் குண்டுகள் நடுவில் உள்ள கிரீஸை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளி, தமக்கு ஒரு தடம் அமைத்துக்கொள்கின்றன. ஒதுங்கிய கிரீஸ் ஓரத்தில் உட்கார்ந்து மெல்ல எண்ணெய் கசியவிடுகிறது. ஒதுங்க இடமே இல்லாமல் அடைத்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் அதே கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும். கடைவதால் சூடு, சூட்டால் எண்ணெய் பிரிந்து ஓட்டம், மிஞ்சிய சோப்பு இறுகிப் பொடி. அதற்கிடையில் அடுத்த முறை அடிக்கும் கிரீஸ், உள்மூடிக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாக வைண்டிங் பக்கம் போகிறது. எங்கள் மோட்டாரின் கதை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். அதிகமாக அடித்ததால் எண்ணெய் தீர்ந்தது. தீர்ந்ததால் சத்தம் வந்தது. சத்தம் வந்ததால் இன்னும் அடித்தார்கள்.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதற்குப் பேரிங் தயாரிப்பாளர்கள் பரவலாகத் தரும் கணக்கு எளிமையானது. வெளிவிட்டம் மி.மீ.யில், அகலம் மி.மீ.யில், இரண்டையும் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் கிராம் வரும். 6309-க்கு 100 பெருக்கல் 25 பெருக்கல் 0.005, அதாவது 12.5 கிராம். கொஞ்சம் பெரிய 6316-க்கு 170 பெருக்கல் 39 பெருக்கல் 0.005, சுமார் 33 கிராம். இது மறு நிரப்புதலுக்கான அளவு. புதிதாகப் பேரிங் பொருத்தும்போது பேரிங்குக்குள் நன்றாக நிரப்பி, சுற்றியுள்ள மூடியின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை நிரப்பினால் போதும்.

சரி, 12.5 கிராம் என்பது கன்னில் எத்தனை அடி, அதாவது லீவரை எத்தனை முறை அழுத்துவது? யாரிடம் கேட்டாலும் ஒரு எண் சொல்வார்கள், எல்லாம் வேறு வேறாக இருக்கும். காரணம், கன்களும் வேறு வேறு. ஒரு அடிக்கு ஒரு கிராம் கக்கும் கன்னும் உண்டு, அதைவிட இரண்டு மடங்கு கக்குவதும் உண்டு. ஒரு காகிதத்தை எடை இயந்திரத்தில் வைத்து, அதன் மேல் பத்து அடி அடித்து, வந்த எடையைப் பத்தால் வகுத்து, அந்த எண்ணைக் கன்னின் உடம்பிலேயே பெயிண்டால் எழுதி வைத்துவிடுங்கள். கையால் அழுத்தும் சாதாரண லீவர் கன் பல நூறு பார் (ஒரு பார் கிட்டத்தட்ட வளிமண்டல அழுத்தம்) அழுத்தம் கொடுக்கக்கூடியது. பேரிங்கின் பக்கத்து உலோகத் தகடான ஷீல்டை உள்ளே மடக்கவும், ரப்பர் மூடியான சீலைப் பிய்க்கவும் அதற்குத் தெம்பு உண்டு. அதனால் அடி அடியாக, விட்டு விட்டு, நிதானமாக.

மூடியின் அடிப்பக்கத்தில் டிரெயின் பிளக் ஒன்று இருக்கும். கிரீஸ் அடிப்பதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும், பழைய கிரீஸ் வெளியேற அதுதான் வழி. பாதுகாப்பாகக் கை எட்டும் இடத்தில் நிப்பிள் இருந்தால் மோட்டார் ஓடும்போதே அடிப்பது நல்லது, புதுச் சரக்கு சீராகப் பரவும். அடித்து முடித்ததும் பிளக்கை உடனே மூடக்கூடாது. அரை மணி நேரமாவது ஓடவிட்டு, அதிகப்படியானது வெளியே வந்து நின்ற பிறகு மூட வேண்டும். அப்புறம் ஒரு விஷயம்: கிரீஸ் அடித்தவுடன் பேரிங்கின் சூடு சில டிகிரி ஏறும். பதற வேண்டாம், புதுக் கிரீஸ் ஒதுங்கித் தடம் அமைந்ததும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கவில்லையென்றால் அதிகம் அடித்துவிட்டோம் என்று அர்த்தம்.

நாங்கள் பிரித்த மோட்டாரில் அந்த டிரெயின் பிளக் மேல் மூன்று முறை பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதைக் கழற்ற உளியும் சுத்தியும் தேவைப்பட்டது. உள்ளே இருந்த கிரீஸ் மெழுகுபோல இறுகியிருந்ததை ஸ்க்ரூடிரைவரால் குத்தித்தான் எடுத்தோம். பல வருடங்களாக உள்ளே போனது மட்டும்தான் நடந்திருக்கிறது, வெளியே வர வழியே இல்லை.

சின்ன மோட்டார்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவற்றில் நிப்பிளே இருக்காது. பேரிங் எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்றிருந்தால் இரண்டு பக்கமும் உலோக ஷீல்டு, 2ஆர்எஸ் என்றிருந்தால் ரப்பர் சீல். தயாரிக்கும்போதே அளந்து போட்ட கிரீஸ்தான் அதன் ஆயுள். சத்தம் வந்தால் மாற்றுவதுதான் முறை. ரப்பரை ஊசியால் நெம்பிக் கிரீஸ் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சில நாள் ஓடும், அவ்வளவுதான். மாற்றும்போது எண்ணின் கடைசியில் இருக்கும் சி3 என்ற குறியையும் பார்த்து அதே மாதிரி வாங்க வேண்டும். சூட்டில் விரிவதற்காக உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்ட பேரிங் என்று அதற்குப் பொருள்.

இன்னும் சிறிய விசிறி மோட்டார்களில் குண்டுகளே இல்லாத வெண்கலப் புஷ் இருக்கும். பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த இந்த வெண்கலம் நுண்துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும், சுற்றிலும் ஒரு கம்பளி வளையம் கூடுதல் எண்ணெயைத் தாங்கியிருக்கும். இதற்குக் கிரீஸ் ஆகாது, துளைகளை அடைத்துவிடும். மின்மோட்டார்களுக்கான மெல்லிய எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு போதும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்தால் உடனே பம்பரமாகச் சுற்றும், ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிற கரைப்பான். உள்ளே மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிப்பது என்ற கேள்விக்கு ‘மூன்று மாதம்’ என்று எல்லா மோட்டாருக்கும் ஒரே பதில் சொல்வது சோம்பேறித்தனம். கணக்கு ஓடிய மணி நேரத்தில்தான் போக வேண்டும். நிற்காமல் ஓடும் மோட்டார் வருடத்துக்கு 8,760 மணி நேரம் ஓடுகிறது. தினம் இரண்டு மணி நேரம் ஓடும் பம்பு 730 மணி நேரம்தான். கையேட்டில் உள்ள இடைவெளி பெரும்பாலும் பேரிங் 70 டிகிரியில் ஓடுவதாக வைத்துச் சொன்னது. அதற்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். 70-இல் 8,000 மணி நேரம் தாங்குவது 85-இல் 4,000, 100-இல் 2,000. ஷாஃப்ட் செங்குத்தாக நின்றால் இன்னொரு பாதி, ஏனென்றால் கிரீஸ் கீழே வழிந்துவிடும். பெல்ட் இழுவைக்காகச் சுமைப் பக்கத்தில் ரோலர் பேரிங் (குண்டுகளுக்குப் பதில் உருளைகள் உள்ளது) போட்டிருந்தால், அதற்கும் விசிறிப் பக்கத்துப் பால் பேரிங்குக்கும் தனித்தனி இடைவெளி. இரண்டு நிப்பிளுக்கும் ஒரே நாளில் ஒரே அளவு அடித்துவிட்டுப் போவது வசதி, ஆனால் ஒன்றுக்குப் பற்றாமலும் இன்னொன்றுக்கு மிஞ்சியும் போகும்.

காலண்டரைவிட நம்பகமானது காது. அந்தக் காலத்து மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். இப்போது அதே வேலையை அல்ட்ராசவுண்ட் கருவி செய்கிறது. நல்ல நிலையில் இருக்கும்போது எடுத்த அளவிலிருந்து 8 டெசிபெல் ஏறினால் கிரீஸ் கேட்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டுக்கொண்டே ஓரிரு அடி அடித்தால் சத்தம் இறங்குவது தெரியும். இறங்கி நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அடித்ததும் இறங்கி, சிறிது நேரத்திலேயே மறுபடி ஏறினால் அங்கே தேவை கிரீஸ் இல்லை. பாதை ஏற்கெனவே பெயர்ந்திருக்கிறது, புதுப் பேரிங்குக்குச் சொல்லிவைக்க வேண்டியதுதான்.

கிரீஸால் தீராத இன்னொரு நோயும் உண்டு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவில் ஓடும் மோட்டார்களில் ஷாஃப்டில் மின்னழுத்தம் சேர்கிறது. அது தரைக்கு இறங்க வழி தேடி, குண்டுக்கும் பாதைக்கும் நடுவிலுள்ள அந்த மைக்ரான் படலத்தைத் துளைத்துப் பாய்கிறது. ஒவ்வொரு பொறியும் எஃகில் ஒரு நுண்குழி. நாளடைவில் பாதை முழுவதும் துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாகிவிடும், கிரீஸ் கரியாகக் கறுத்துவிடும். கறுத்த கிரீஸைப் பார்த்துப் புதுக் கிரீஸ் அடித்துப் பயனில்லை. ஷாஃப்டைத் தரையோடு இணைக்கும் பிரஷ், மின்காப்புப் பூச்சுள்ள பேரிங், பீங்கான் குண்டு பேரிங் என்று வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

ஓடாமல் கிடக்கும் மோட்டாருக்கும் கவனிப்பு வேண்டும். அவசரத்துக்கு என்று வாங்கி மூலையில் வைத்த மோட்டாருக்குப் பக்கத்தில் பெரிய இயந்திரம் ஏதாவது அதிர்ந்துகொண்டிருந்தால், குண்டுகள் நின்ற இடத்திலேயே நுண்ணிதாக ஆடி, தொடும் புள்ளியிலிருந்து எண்ணெயை வெளியேற்றிவிடும். பிரித்துப் பார்த்தால் பாதையில் குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாக, ஒரே அளவில், வரிசையாகப் பள்ளங்கள். ஒரு மணி நேரம்கூட ஓடாத பேரிங் அது. மாதம் ஒருமுறை ஷாஃப்டைக் கையால் சில சுற்று சுற்றி, முன்பு நின்ற இடத்தில் நிற்காதபடி கால் சுற்று தள்ளி நிறுத்தினால் இது வராது. எந்த இடத்தில் நின்றது என்று தெரிய, ஷாஃப்ட் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வைத்தால் போதும்.